நாற்பத்தொரு கிலோ ஹார்ட் டிஸ்க்

கருவேலாம்வலசில் முதன்முதலாக எடை ஏறியது சென்னியப்பன் வீட்டுக் கம்ப்யூட்டர்தான், இதில் ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. அதற்கு முன்பே வேறு வீடுகளில் ஏறியிருக்கலாம், ஆனால் மேஜைக்கடியில் ஒட்டடை படிந்து கிடக்கும் பெட்டியை யார் மெனக்கெட்டுத் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள், ஆகவே அந்தப் பெருமை அவருக்கே போகட்டும் என்று ஊர் விட்டுவிட்டது. பெருமை என்கிற பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது மேஜைக்கால் முறிந்த சத்தம்.

ஆனி மாதத்தில் அவருடைய ஒரே மகள் கோகிலா, கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவன் என்ன சாதி என்பதைச் சென்னியப்பன் கடைசிவரை தன் வாயால் சொல்லவில்லை, சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவர் மாதிரி கையால் தூரமாகக் காட்டுவார், அவ்வளவுதான். மஞ்சள் மண்டியில் நாலு பேர் மதிக்கிற ஆள். செய்தி வந்த அன்றே தலைமுழுகினார், சுவரில் இருந்த பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி அடுப்பில் திணித்தார், ஆல்பங்களை வாசலில் போட்டுக் கொளுத்தினார், அவள் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றார். வீட்டில் அவரை விட்டால் இருந்தது அவர் மனைவி மரகதம் ஒருத்திதான். அவர் தலைமுழுக வெந்நீர் வைத்துக் கொடுத்தவளும் அவளேதான். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, இப்படித்தான் முப்பது வருஷமாகத் தெரியாமலே ஒவ்வொன்றையும் செய்துகொண்டு வந்திருந்தாள்.

மிஞ்சியது கம்ப்யூட்டர் மட்டும். அது கோகிலா காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. சொட்டுநீர் மானியத்துக்கு மனுப் போடவோ மழை வருமா என்று பார்க்கவோ சென்னியப்பன் சுவிட்சைப் போட்டால், திரை நிறைய ஊட்டியில் ஐஸ்கிரீமும் கையுமாகக் கோகிலா சிரிப்பாள். படத்தை மாற்ற அவருக்குத் தெரியாது, இன்னொருவனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் மானிட்டர் மேல் துண்டைப் போட்டு ஓரத்தை மட்டும் விலக்கி விலக்கி வேலை பார்த்தார். கடைசியில் கண்ணும் கழுத்தும் வலி கண்டு, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடுவது என்று முடிவு கட்டி, பெருந்துறை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த தனபாலை வரச்சொன்னார்.

தனபால் தொழில் சுத்தமானவன். தலையில் கட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை, உட்கார்ந்து விளக்குவான்.

"வேகமா ஓடறது ஒண்ணு இருக்குதுங்ணா, எஸ்.எஸ்.டி.ன்னு சொல்லுவாங்க. சுவிட்சப் போட்டா கண்ணச் சிமிட்டறதுக்குள்ள எந்திரிச்சுக்கும். ஆனா எடம் கம்மி, எரநூத்தம்பத்தாறு ஜிபி. இன்னொண்ணு ஹார்ட் டிஸ்க்கு. மெதுவாத்தான் ஓடும், ஆனா ஊரையே போட்டு வெக்கலாம். எம்பட யோசன என்னன்னா, ரெண்டயும் மாட்டிறலாம். சின்னதுல வேல நடக்கட்டும், பெருசுல போட்டோ வீடியோவெல்லாம் கெடக்கட்டும்."

"சின்னதே போதும்," என்றார் சென்னியப்பன்.

"பழசுல முந்நூத்தி அறுவது ஜிபி இருக்குதுங்ணா. அத்தனையும் இதுல புடிக்காது. எதாச்சும் ஒண்ண உட்டுட்டுத்தான் வரோணும்."

"அதுக்குத்தான் சொல்றன், சின்னதே போதும்."

அடுப்படி வாசலில் நின்ற மரகதத்துக்கு ஜிபி என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் இது தெரியும். வேண்டாத சொந்தக்காரர் ஒறம்பரையாக வந்தால் இருக்கிற நாலு அறையையும் பூட்டிவிட்டு, ஊடு சின்னதுங்க என்று சொல்கிற ஆள்தான் அவள் புருஷன். தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே வந்த தனபால் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒரு பெரிய டிரைவுல எல்லாத்தயும் காப்பி போட்டு நான் தனியா வெச்சிருக்கறன், அண்ணனுக்குத் தெரியவே வேண்டாம்," என்றான். "வேண்டாஞ் சாமி, தெரிஞ்சுதுன்னா ஊடு ரெண்டாயிரும்," என்று சொல்லிவிட்டாள் மரகதம். சொன்ன வாய் மூடுவதற்குள் சரியென்றே சொல்லியிருக்கலாமோ என்று பட்டது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அழிக்கிற வேலையைத் தனபாலிடம் விடாமல் சென்னியப்பனே உட்கார்ந்தார். கோகி என்று பெயர் போட்டிருந்த ஃபோல்டரை அவன் காட்ட, அவர் ஒற்றை விரலால் அழுத்தினார். முழுவதும் அழிய பதினோரு நிமிஷம் ஆனது. பள்ளிக்கூட ஆண்டுவிழா, காது குத்து, பூப்பு நன்னீராட்டு, கொடுமுடி ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பயந்து கத்தியது, எல்லாம் ஒரு பச்சைக் கோடாக இடமிருந்து வலமாக நகர்ந்து முடிந்தது. முடிந்த அந்த நொடியில் மேஜையின் கால் மளுக்கென்று முறிந்து பெட்டி தரையில் இறங்கியது, சிமெண்டுத் தரையில் இன்றைக்கும் அந்தப் பள்ளம் இருக்கிறது. தனபால் திருப்புளியால் பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலமுள்ள அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுக்கப் பார்த்தான், வரவில்லை. இரண்டு கை கொடுத்தான், வரவில்லை. அப்புறம் மண்டியிலிருந்து எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து, மூட்டை தூக்குகிற ஆள் ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றி வைத்தார்கள். சிவப்பு எழுத்தில் நாற்பத்தொரு கிலோ இருநூறு கிராம் காட்டியது.

ஊர் பார்க்க வந்தது, மூன்று நாள். கரண்டு எச்சா இழுக்குமா என்று கேட்டார்கள், இழுக்காது என்றதும் பாதிப் பேர் ஆர்வம் போய்த் திரும்பிவிட்டார்கள். ஜோசியர் சனி என்றார், ஊராட்சி எழுத்தர் இதற்குத் தனி வரி ஏதும் இல்லை என்று உறுதி சொன்னார், மரகதம் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டு மாளவில்லை. அந்த ஆர்வமும் அடங்கும் நேரத்தில்தான் நாச்சிமுத்து வீட்டில் மேஜை சரிந்தது. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனை அவன் போன வருஷமே படம் படமாக அழித்திருந்தான், எடை ஆறு கிலோ. தண்ணீர்த்தொட்டி வீட்டு வாத்தியார் தன் முதல் பெண்டாட்டியை அழித்தது பதினான்கு கிலோ. சினிமாவை அழித்தால் ஏறவில்லை, பாட்டை அழித்தால் ஏறவில்லை, ஆளை அழித்தால்தான் ஏறியது, அதுவும் அழிக்கும்போது அழிக்கிறவர் நெஞ்சு எவ்வளவு நொந்ததோ அந்த அளவுக்கு ஏறியது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, பால் பொங்குவது தெரிகிற மாதிரி எல்லோருக்கும் தானாகத் தெரிந்துவிட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகு ஒரு ஊர் என்ன செய்ய வேண்டும்? வெட்கப்பட்டிருக்கலாம், நான்கு பேராவது போனை எடுத்து நான்கு பேரைக் கூப்பிட்டிருக்கலாம். கருவேலாம்வலசு அதையெல்லாம் செய்யவில்லை. மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா அப்பாசாமி ஒரு கூட்டத்தில் எழுந்து, "நாப்பத்தியொரு கிலோ நொம்பலத்தத் தாங்கிக்கிட்டு ஒரு மனுசன் குடிப்பெருமையக் காப்பாத்தியிருக்கறான்னா, அவனுக்குத்தானப்பா மொத மரியாத குடுக்கோணும்?" என்று கேட்டார். கேட்டது சரியாகத்தான் இருக்கிறது என்று கூட்டம் தலையாட்டியது. அன்று தொடங்கியது வினை. சென்னியப்பன் அந்த ஹார்ட் டிஸ்க்கைச் சாமி அறையில் தராசோடு சேர்த்து வைத்தார், இரவும் பகலும் சிவப்பு எண் எரிந்துகொண்டே இருக்கும்படி தராசுக்கு ஒரு வயர் இழுத்தார், ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சந்தனத்தைக் கொஞ்சம் எச்சாகவே வைத்தார். அந்தப் பொட்டு டிஸ்க் மூச்சு விடுகிற சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டது, பார்த்த தனபாலுக்குப் பகீரென்றது, ஆனால் சாமி காரியத்தில் வாய் வைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் தோட்டம் எத்தனை ஏக்கர் என்பதோடு டிஸ்க் எத்தனை கிலோ என்றும் கேட்கத் தொடங்கினார்கள். எடை இல்லாத வீடுகளுக்கு இரவில் தூக்கம் போனது. அவர்கள் சின்ன டிரைவ் போட்ட புதுக் கம்ப்யூட்டரில் அழித்துப் பார்த்தார்கள், அதில் ஏனோ ஏறவே இல்லை, பழைய டிஸ்க்கில் அழித்தால்தான் ஏறியது. தனபால் கடையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்தன. ஓடிப்போன மகள் இல்லாதவர்கள் இருப்பவர்களில் ஆள் தேடினார்கள். ஒருவர் திருச்செங்கோட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்ணை, அவள் ஒரு தப்பும் செய்யாமலே, எதற்கும் முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அழித்தார், முப்பத்தைந்து கிலோ வந்தது. லீவுக்கு வந்த பெண் சாமி அறையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள். நாச்சிமுத்து, அண்ணனின் ஆறு கிலோ போதாமல், அடுத்த அறையில் படுத்திருந்த தன் அம்மாவையே அழித்தான். இரண்டு கிலோதான் ஏறியது. தராசு ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு ஒரு மாதம் தலைகுனிந்து நடந்தான், அவன் அம்மா யாரைக் கண்டாலும் எத்தனை கிலோ வந்தது எத்தனை கிலோ வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லவில்லை.

மரகதம் இதையெல்லாம் காப்பித் தம்ளர் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கஷ்டம் வேறு. மகளின் முகம் அவளுக்கு மறக்கத் தொடங்கியிருந்தது. ஐந்து வயதுக் கோகிலா நினைவுக்கு வரமாட்டேன் என்றாள், பத்து வயதுக் கோகிலாவுக்குப் பல் எந்தப் பக்கம் விழுந்திருந்தது என்று இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. அவளுடைய பட்டன் போனில் படம் கிடையாது, சுவரில் ஆணிதான் இருந்தது. பெற்ற முகத்தையே மறக்கிற ஒரு பொம்பளை இருப்பாளா என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஐப்பசி கடைசியில் அப்பாசாமி புதிதாக ஒன்று சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை சென்னியப்பனின் டிஸ்க்கை மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுவந்து, ஊர் முன்னால் எடை போட்டு, பாலும் இளநீரும் ஊற்றி அபிஷேகம் செய்து, மண்டபத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடுவது என்று. அன்று மத்தியானமே மரகதம் பஸ் ஏறித் தனபால் கடைக்குப் போனாள்.

"பால் ஊத்துனா அந்தப் பொட்டி என்னாகுங் கண்ணு?"

"அதோட முடிஞ்சுதுங்க்கா. இப்ப உள்ள எல்லாம் பத்திரமா இருக்குது. அண்ணன் அழிச்சுட்டதா நெனச்சுட்டிருக்கறாரு. பழைய டிஸ்க்குல அழிக்கறதுன்னா பேர மட்டும் அடிக்கறதுங்க, பண்டம் அங்கயேதான் கெடக்கும், மேல வேற எதயும் எழுதாம இருந்தாப் போதும். புது டிரைவுல அப்படியில்லீங்க, அழிச்சா அழிச்சதுதான். அண்ணன் அதுக்கப்பறம் அத எதுலயும் மாட்டவேயில்ல. எடுத்தறலாம்."

"எதுல எடுத்து வெப்ப?"

"அத நீங்கதான் சொல்லோணும். சின்னதா, பெருசா?"

மரகதத்துக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டது கிடையாது. "பெருசு," என்றாள். "மெதுவா ஓடுனாப் பரவால்ல. ஒண்ணும் உட்டுப்போகாம எல்லாம் புடிக்கோணும்." தனபால், ஒன்றில் மட்டும் வைப்பது வைக்காததற்குச் சமம் என்று சொல்லி, அதே அளவில் இரண்டு எடுத்து வைத்தான். ஒன்று மரகதத்தின் பீரோவில் சேலைக்கடியில், இன்னொன்று அவன் கடையில், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்றான்.

புதன்கிழமை காலையில் சென்னியப்பன் அபிஷேக ஏற்பாட்டுக் கூட்டத்துக்குக் கோயிலுக்குப் போனார், சாப்பாடும் அங்கேதான். தனபால் வந்து டிஸ்க்கைத் தராசிலிருந்து இறக்காமலே ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி, வயரை மாட்டித் தன் லேப்டாப்பில் இணைத்தான். முதலில் பேர்கள் வந்தன, அப்புறம் ஒவ்வொன்றாகச் சின்னச் சின்னப் படங்கள். பத்து வயதுக் கோகிலாவுக்கு மேல்வரிசையில் இடப்பக்கம்தான் பல் இல்லை. மரகதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். படங்கள் பெரிய டிரைவுகள் இரண்டுக்குள்ளும் போகப்போகத் தராசின் சிவப்பு எண் இறங்கியது, நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. முப்பத்தெட்டுக்கு வந்து நின்றது. கோகிலாவின் கடைசிப் படமும் வந்து சேர்ந்துவிட்டது, எண் அதற்குமேல் அசையவில்லை.

"இன்னும் என்னமோ இருக்குதுங்க்கா," என்று தனபால் தேடினான். தேடி எடுத்தவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். "இது அண்ணன் அழிச்சதில்லீங்க்கா. தேதியப் பாருங்க. சூன் இருவத்தாறு, நம்ம கணக்குக்கு ஆனி பன்னண்டு, மத்தியானம் ரெண்டேகாலு."

ஃபோல்டரின் பெயர் அம்மா. இரண்டாயிரத்துச் சொச்சம் படம். மரகதம் மாவு ஆட்டுகிறாள், மரகதம் வாயைத் திறந்து தூங்குகிறாள், மரகதம் ஈரத் தலையோடு வெயிலில் நிற்கிறாள், கையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். இத்தனை வருஷம் தன்னை ஒருத்தி பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது. ஆனி பதின்மூன்று விடிந்தபோது கோகிலா வீட்டில் இல்லை. அதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்த நேரம், கோகிலா அடுப்படிக்கு வந்து, "நீ எம் பக்கம் ஒரு வார்த்த சொல்லும்மா, அது போதும்," என்று கேட்டாள். மரகதம் அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தை எடுத்து அடுக்கியபடி, "உங்கப்பனக் கேளு," என்றாள். அவ்வளவுதான் நடந்தது. கோகிலா திரும்பி முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், பாட்டுக் கேட்கிறாள் போல என்று மரகதம் நினைத்துக்கொண்டாள்.

ஊர் மரியாதை செய்து மாலை போட்டது முழுக்க இந்த முப்பத்தெட்டுக்கு. மரகதம் தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அதோடு, சொன்னால் வெட்கம், ஒரு துளி சந்தோஷமும் வந்தது, எம் புள்ளைக்கு நான் முப்பத்தெட்டு கிலோ இருந்திருக்கறேன் என்று. அடுத்த நிமிஷமே, அந்தப் பாழாய்ப்போன ஊர் மாதிரி நானும் எண்ணைப் பார்க்கிறேனே என்று தன்மேல் அருவருப்பு வந்தது.

"இதயும் எடுத்தறலாங்களா?" என்றான் தனபால்.

"வேண்டாஞ் சாமி. உங்கண்ணன் அழிச்சத எடுத்தாச்சு, அதுக்கு எனக்கு உரிம இருக்குது. இது அவ மனசறிஞ்சு என்னைய அழிச்சது. அதத் திருப்பி எடுக்க நான் ஆரு?"

தனபால் வற்புறுத்தினான், வெள்ளிக்கிழமைக்கு மேல் கேட்டாலும் கிடைக்காது என்றான். அவள் வயரைத் தானே பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். ஒரு டிரைவை அவனிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைச் சேலைக்கடியில் வைத்தாள்.

மூன்று மணிக்குச் சென்னியப்பன் கழுத்தில் மாலையோடு வந்தார். நேராகச் சாமி அறைக்குப் போனவர், "என்ன இது, முப்பத்தெட்டு காட்டுது?" என்றார்.

மரகதம் கதவோரம் வந்து நின்றாள். "உங்குளுது மூணு கிலோ எரநூறுதானுங்க. அத நான் எடுத்து வெச்சுக்கிட்டன். மிச்சம் முப்பத்தெட்டும் உங்க மக என்னைய அழிச்சது. போறதுக்கு முந்தின நாளே அழிச்சுட்டுத்தான் போயிருக்கறா."

முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது கிடையாது. அடி விழும் என்று எதிர்பார்த்தாள், கத்துவார் என்று எதிர்பார்த்தாள், மனதின் ஏதோ ஒரு மூலையில், உட்கார்ந்து அழுதாலும் அழுவார் என்றுகூட எதிர்பார்த்தாள். அவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எண்ணைத் திரும்பவும் பார்த்தார், விரலால் டிஸ்க்கைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம ஊர் முன்னால எடை போடுவாங்களே," என்றார். "மூணு கிலோ எரநூறு கொறையுமே."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். அப்புறம், "கேசட்டுல இருந்து மாத்துன நம்ம கல்யாண வீடியோ இதுலதான இருக்குது?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க," என்றாள் மரகதம். ஒரே ஒரு கணம், அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை, மண்டியில் மூட்டையைப் பார்க்கிற மாதிரி, நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பத்தாது," என்றார்.